சிலிம் ரிவர்: பட்டா இல்லாத நான்கு தலைமுறை

தஞ்சோங் மாலிமோடு கொம்யூட்டர் ரயில் முடிந்துவிடுகிறது. அங்கிருந்து சிலிம் ரிவருக்கு வேக ரயிலும் உண்டு, வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையும் உண்டு. தோட்டங்களைப் பார்க்கப் போகிறவருக்கு இரண்டும் பயன்படாது. பழைய கூட்டரசுச் சாலையில்தான் போக வேண்டும். நண்பர் காரை ஓட்ட, பேராங் தாண்டி வடக்கே போனோம். வலப்பக்கம் தித்திவங்சா மலைத்தொடர். இடப்பக்கம் செம்பனை, மீண்டும் செம்பனை, எங்கோ ஓரிடத்தில் பழைய பால்மரக் (ரப்பர்) காடு. பிறகு திடீரென்று மரமெல்லாம் சாய்க்கப்பட்டுச் செம்மண் விரிந்து கிடக்கும் ஒரு பரப்பு. அதன் முகப்பில் புதிய தாமானின் (வீடமைப்புப் பகுதியின்) விளம்பரப் பலகை. ஒருமாடி வரிசை வீடு இரண்டு லட்சம் வெள்ளிக்கு மேல் என்றிருந்தது. ஏக்கர் கணக்கில் விலை பேசப்பட்ட மண் சதுர அடிக் கணக்கில் பேசப்படும்போது லாபம் யாருக்குப் போகிறது, வீடு யாருக்குப் போகிறது என்ற கேள்வியோடுதான் நான் இந்தப் பக்கம் வந்தேன். அந்தக் கேள்வியை அறுபது ஆண்டுகளுக்கு முன்பே எடுத்து ஆராய்ந்த பொருளியல் பேராசிரியர் ஒருவர் இந்த நாட்டில் இருந்தார். அவரைப் பற்றி நம் தோட்டத்து மக்களில் பலர் கேள்விப்பட்டதில்லை.

சிலிம் ரிவர் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஒரு சிறிய ஊர். ரயில் நிலையம், மருத்துவமனை, இரண்டு பக்கமும் பழைய கடை வரிசை. முன்பு பத்தாங் பாடாங் மாவட்டத்தில் இருந்தது. 2016 முதல் முவாலிம் மாவட்டம். உலகப்போர் நூல்களைப் படிப்பவர்களுக்கு இந்தப் பெயர் தெரியும். 1942 ஜனவரி 7 அன்று விடியுமுன் ஜப்பானிய டாங்கிகள் துரோலாக் பக்கமிருந்து இந்தச் சாலையிலேயே இறங்கி, 11-ஆவது இந்திய டிவிஷனைச் சிதறடித்தன. நான்கே நாளில் கோலாலம்பூர் விழுந்தது. அந்தச் சண்டையின் வரைபடங்களில் குளூனி, கிளாப்பா பாலி என்று தோட்டங்களின் பெயர்கள்தான் இடப்பெயர்களாக இருக்கின்றன. இந்தப் பகுதியின் நிலவரலாறே தோட்டங்களின் வரலாறு என்பதற்கு வேறு சான்று வேண்டாம். இன்றும் இங்குள்ள தமிழ்ப்பள்ளிகளில் இரண்டு அதே தோட்டப் பெயர்களைத் தாங்கி நிற்கின்றன.

ஊரில் பசியாறிவிட்டு, வெளியே ஒரு தோட்டத்துக்குப் போனோம். பெயரை எழுத வேண்டாம் என்று அங்கிருந்தவர்கள் கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களம் புல் மண்டிக் கிடக்கிறது. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகை இருந்த இடத்தில் உர மூட்டைகள். மாரியம்மன் கோயில் மட்டும் புது வண்ணத்தில் இருக்கிறது. தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் பாதிக்கு மேல் இப்போது வெளிநாட்டுத் தொழிலாளர்கள். கொடியில் காயும் உடைகள் எல்லாம் ஆண்களுடையவை. கடைசி லயத்தில் தமிழ்க் குடும்பங்கள் சில மிச்சம். அங்கே எண்பதைத் தொடும் ஒரு பாட்டி எங்களை உட்கார வைத்து, தேநீர் கலந்து கொடுத்தார்.

“இந்த லயத்துலதான் பொறந்தேன் தம்பி. கல்யாணம் ஆகி நாலு வீடு தள்ளிப் போனேன். அவ்வளவுதான் நான் போன தூரம்.”

அவருடைய அப்பாவின் அப்பா கங்காணியோடு வந்து காடு வெட்டியவர். அப்பா பால்மரம் வெட்டினார். பாட்டியும் பால்மரம்தான்; கல்யாணத்துக்கு முன்பே தனி நெரை (மர வரிசை) வாங்கியவர். மகன் செம்பனைக் குலை தள்ளினான். நான்கு தலைமுறை. வீட்டுக்கு கிராண்டு (பட்டா) உண்டா என்று கேட்டேன்.

“கூரை மாத்துனாங்க. கரண்டு போட்டாங்க. தண்ணிக் குழாய் உள்ள வந்துச்சு. கிராண்டு மட்டும் வரல. அது தோட்டத்து வீடு தம்பி. வேல இருக்கற வரைக்கும் வீடு.”

வேலை இருக்கும்வரை வீடு. தோட்டப்புறத்துப் பொருளாதாரம் முழுவதும் இந்த ஒரு விதியில் அடங்கியிருக்கிறது. நகரத்தில் ஒருவருக்கு வேலை போனால் வருமானம் மட்டும் போகும். தோட்டத்தில் வருமானம், கூரை, கோயில், பள்ளி, சுற்றம் எல்லாம் ஒரே கடிதத்தில் போய்விடும். இதை ஆராய்ச்சியாகத் தொகுத்தவர்தான் தொடக்கத்தில் சொன்ன அந்தப் பேராசிரியர், உங்கு அப்துல் அசிஸ்.

ஜொகூர் அரச குடும்ப வழிவந்த அவர் 1922-இல் லண்டனில் பிறந்தார். சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் படித்து, 1952 முதல் அங்கேயே விரிவுரையாளராக இருந்தார். 1964-இல் தோக்கியோவின் வசேடா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். 1968 முதல் 1988 வரை மலாயாப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். 1978-இல் அரசப் பேராசிரியர் என்ற விருது. 2020 டிசம்பரில், 98 வயதில் காலமானார். ஹஜ் பயணத்துக்கு முஸ்லிம்கள் பணம் சேர்க்கும் தாபோங் ஹாஜி அமைப்புக்கு வித்திட்டது 1959-இல் அவர் எழுதிய திட்டம்தான். நாட்டின் கூட்டுறவு இயக்கத்தையும் பல ஆண்டுகள் அவரே வழிநடத்தினார். சிறப்புகளை அடுக்கிக்கொண்டே போகலாம். எனக்கு முக்கியம் 1962-இல் பல்கலைக்கழகப் பொருளியல் துறை வழியாக அவர் வெளியிட்ட ஆய்வு: 1951 முதல் 1960 வரை மலாயாவில் தோட்டங்கள் துண்டாடப்பட்டதைப் பற்றியது.

அன்று நடந்தது இது. கொரியப் போர் காலத்தில் உச்சிக்குப் போன ரப்பர் விலை இறங்கிவிட்டது. பழைய மரங்களை அழித்து மறுநடவு செய்யப் பெரும் செலவு. சுதந்திரம் வருகிறது, அதற்குப் பின் என்ன ஆகுமோ என்ற தயக்கம் வெள்ளைக்காரக் கம்பெனிகளுக்கு. பல கம்பெனிகள் தோட்டத்தை விற்றுவிட்டுப் போக முடிவு செய்தன. ஆயிரம் ஏக்கர் தோட்டத்தை முழுதாக வாங்க ஆள் குறைவு. அதனால் முழுத் தோட்டத்தின் ஏக்கர் விலை குறைவு. ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் வாங்க நகரங்களில் ஆள் நிறைய. அதனால் துண்டு நிலத்தின் ஏக்கர் விலை அதிகம். நடுவில் புகுந்த கூட்டு வணிகர்கள் மொத்தமாக வாங்கி, துண்டு துண்டாக விற்று, இரண்டு விலைக்கும் இடைப்பட்டதை எடுத்துக்கொண்டார்கள். மரம் நட்டு வளர்த்து வந்த லாபமில்லை அது. நிலத்தைப் பிரித்ததால் வந்த லாபம்.

இந்த நாட்டு வழக்கில் 100 ஏக்கருக்குக் குறைந்தால் அது தோட்டமே இல்லை, சிறுநிலம். துண்டு வாங்கியவருக்கு லயம் பராமரிக்கும் கடமை கிடையாது. மருந்தகம், தண்ணீர், பள்ளி எதுவும் அவர் பொறுப்பில்லை. பழைய தொழிலாளிகளை விட்டுவிட்டு குத்தகைக்காரர் மூலம் ஆள் பிடித்தார். உங்கு அசிஸ் இந்தச் சங்கிலியை ஒவ்வொரு கண்ணியாக எடுத்து வைத்தார். யார் விற்றது, யார் வாங்கியது, மறுநடவு நடந்ததா, தொழிலாளி எங்கே போனான் என்று கேட்டார். மலாய் விவசாயிகளின் வறுமையை ஆராய்ந்தவர் என்றே பலர் அவரை அறிவார்கள். தமிழ்த் தோட்டத் தொழிலாளியின் வீடு பறிபோவதையும் அதே கண்ணோடு பார்த்தவர் அவர். வறுமைக்கு அவர் சொன்ன காரணங்கள் மூன்று: சுரண்டல், புறக்கணிப்பு, குறைந்த உற்பத்தித்திறன். சோம்பல் என்ற காரணத்தை அவர் ஏற்கவில்லை. தோட்டத்து மக்களைப் பற்றிக் காலங்காலமாகச் சொல்லப்படும் வசைகளை நினைத்தால் அது பெரிய விஷயம்.

அவர் பெயர் சொன்னாலே பலருக்கு நினைவுக்கு வருவது சாரோங் (கைலி) குறியீடு. வீட்டில் எத்தனை சாரோங் இருக்கிறது என்று எண்ணி, ஒரு வயதுக்கு மேற்பட்டவர்கள் எத்தனை பேரோ அந்த எண்ணால் வகுப்பார். ஒருவருக்கு ஒரு சாரோங்கூடத் தேறாத வீடு எது என்று அதில் தெரிந்துவிடும். வருமானத்தைக் கேட்டால் ஏழை வீட்டில் சரியான பதில் வராது. நாளுக்கு நாள் மாறும் கூலியை மாதக் கணக்காகச் சொல்ல முடியாது. சாரோங்கை எண்ணிவிடலாம்.

பாட்டி தன் தகரப் பெட்டியைத் திறந்து காட்டியபோது நானும் எண்ணிப் பார்த்தேன். அடையாள அட்டை. சேமநிதி வாரியத்தின் பழைய கணக்குத் தாள். மகனின் பள்ளிச் சான்றிதழ். கணவரின் இறப்புப் பத்திரம். அடியில் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குத் தாள். நிலத்துக்கோ வீட்டுக்கோ ஒரு காகிதம்கூட இல்லை. தோட்டத்து மக்களின் ஏற்றத்தாழ்வை அளக்க வேண்டுமானால் இந்தப் பெட்டிகளை எண்ணினால் போதும்: எத்தனை தலைமுறை உழைப்பு, எத்தனை பட்டா.

அந்தப் பங்குத் தாளுக்கு ஒரு பெருமை உண்டு. தோட்டங்கள் துண்டாடப்படுவதைக் கண்டு, சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தொடங்கிய சங்கம் அது. அமைச்சராக இருந்துகொண்டே தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். நூறு வெள்ளிப் பங்கை மாதம் பத்து வெள்ளியாகக் கட்டச் சொன்னார். நாள்கூலி வாங்கியவர்கள் கட்டினார்கள். அந்தப் பணத்தில் முதலில் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. பிறகு பல தோட்டங்கள். பேராசிரியர் ஆய்வில் எழுதிக்கொண்டிருந்த அதே காலத்தில், அதே நோய்க்கு ஒருவர் களத்தில் மருந்து தேடினார். உலகத் தமிழர் வரலாற்றில் தொழிலாளிகளே தோட்டத்தை விலைக்கு வாங்கிய இந்த முயற்சிக்கு ஈடாக நான் வேறொன்றை வைக்க மாட்டேன். ஆனாலும் பங்குக்கு ஈவு கிடைத்ததே தவிர, குடியிருந்த வீட்டுக்குத் தனிப் பட்டா என்ற கேள்வி அப்படியே நின்றுவிட்டது. பாட்டியின் பெட்டியே சாட்சி.

துரோலாக் வரைக்கும் போனால் இன்னொரு காட்சி கிடைக்கிறது. அங்கே பெல்டா நிலக் குடியேற்றத் திட்டங்கள் இருக்கின்றன. பெல்டா 1956-இல் தொடங்கியது. நிலமற்ற குடும்பத்துக்குச் சுமார் 10 ஏக்கர் பயிர்நிலமும் கால் ஏக்கர் வீட்டு மனையும் கொடுத்தது. 1,12,635 குடும்பங்கள் இப்படிக் குடியேறின. வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் மலாய்க்காரர்கள் என்றாலும், பகாங்கின் லூரா பீலூட் போன்ற தொடக்கத் திட்டங்களில் இந்திய, சீனக் குடும்பங்களும் இருந்தன. துரோலாக்கில் அன்றைய மனைகளில் இன்று பெரிய வீடுகள் எழுந்திருக்கின்றன. முற்றத்தில் பேரப்பிள்ளைகளின் கார்கள். அந்த மக்கள் உழைத்து முன்னேறியதைப் பார்த்து எனக்கு மகிழ்ச்சியே. இரண்டு இடத்திலும் அதே செம்பனை, அதே மழை, அதே உழைப்பு. ஓரிடத்தில் பெயரில் மனை இருந்தது, மற்றோரிடத்தில் இல்லை. ஏழைக்கு நிலம் கொடுக்க அரசால் முடியும் என்பதற்குச் சாலையோரத்திலேயே சான்று இருக்கிறது.

வீட்டை வேலையோடு கட்டிவைத்ததில் பணத்தைவிடப் பெரிய இழப்பு ஒன்று நடந்தது. பாட்டிக்கு மூன்று பிள்ளைகள். நடுமகன் படிப்பில் கெட்டிக்காரன் என்று ஆசிரியர் வீட்டுக்கே வந்து சொன்னாராம். அப்பா ஓய்வுபெறும் வயது. ஓய்வுபெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். குடும்பத்தில் யாராவது ஒருவர் தோட்டத்தில் பெயர் கொடுத்தால் வீடு நிற்கும். “அவன்தான் பெயர் கொடுத்தான்” என்றார். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இதே கதையை எத்தனை குடும்பத்தில் கேட்டிருக்கிறேன்! என் சொந்தத்திலேயே உண்டு. வாடகை இல்லாத வீடு என்று கம்பெனிகள் பெருமையாகச் சொன்ன அந்த வீட்டுக்கு, ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு பிள்ளையின் படிப்பு வாடகையாகப் போயிருக்கிறது.

இந்த இழப்பை அளக்க முடியுமா? அமெரிக்காவில் ஒருவர் கிட்டத்தட்ட இதை அளந்திருக்கிறார். டில்லியில் பிறந்து, ஒன்பது வயதில் பெற்றோரோடு அமெரிக்கா போன தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை ராஜ் செட்டி; இப்போது ஹார்வர்டில் பொருளியல் பேராசிரியர். 1990-களில் அங்கே ஓர் அரசுச் சோதனை நடந்தது. ஐந்து பெருநகரங்களின் ஏழைக் குடியிருப்புகளில் இருந்த குடும்பங்களில் குலுக்கல் முறையில் சிலரைத் தேர்ந்து, வறுமை குறைந்த பகுதிக்கு வீடு மாற உதவித்தொகை கொடுத்தார்கள். 2016-இல் ராஜ் செட்டியும் இரு சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், 13 வயதுக்கு முன்பே அப்படி இடம் மாறிய பிள்ளைகள் பெரியவர்களானபோது மற்றவர்களைவிடச் சுமார் 31 விழுக்காடு அதிகம் சம்பாதித்தது தெரிந்தது. பதின்வயதில் மாறியவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. பிள்ளை எந்த வயதில் எந்தத் தெருவில் வளர்கிறது என்பது அதன் சம்பளத்தில் தெரிகிறது. நம் தோட்டங்கள் விற்கப்பட்டபோது பிள்ளைகள் போனது இதற்கு நேர் எதிர்த் திசையில். நகர ஓரத்துப் புறம்போக்குக் குடியிருப்புகளுக்கும், பிறகு மலிவுவிலை அடுக்குமாடிகளுக்கும் போனார்கள். அதன் விளைவுகளைப் பற்றித்தான் நம் பத்திரிகைகள் முப்பது ஆண்டுகளாக எழுதிக்கொண்டிருக்கின்றன.

பணக்கார நாடுகளிலும் செல்வ ஏற்றத்தாழ்வின் மையத்தில் இன்று வீடுதான் இருக்கிறது. பிரெஞ்சுப் பொருளியலாளர் தாமஸ் பிக்கெட்டியின் புத்தகம் நாட்டு வருமானத்தில் மூலதனத்தின் பங்கு கூடுவதைச் சொன்னது. 2015-இல் மேத்யூ ரோக்னலி என்ற இளம் ஆய்வாளர், அந்த உயர்வில் பெரும்பகுதி வீடுகளிலிருந்து வருகிறது என்று காட்டினார். அதே ஆண்டு கசானா ஆய்வுக் கழகம் மலேசியாவின் நிலையைக் கணக்கிட்டது. நடுத்தர வீட்டு விலை, நடுத்தரக் குடும்பத்தின் ஆண்டு வருமானத்தைப் போல் மூன்று மடங்குக்குள் இருந்தால் கட்டுப்படியாகும். 2014-இல் அது 4.4 மடங்காக இருந்தது. அந்த மூன்று மடங்கு அளவுகோலைச் சிலிம் ரிவரில் வைத்துப் பார்க்கலாம். 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. ஆண்டுக்கு 20,400. மூன்று மடங்கு 61,200. கணவனும் மனைவியும் வேலை செய்தால் 1,22,400. சாலையோரப் பலகையில் இருந்த விலை இரண்டு லட்சத்துக்கு மேல். அந்தத் தாமான் நிற்கப் போகும் மண்ணில் இத்தனை காலம் உழைத்தவர்களில் எவராலும் இந்தச் சம்பளத்தில் அங்கே வீடு வாங்க முடியாது.

1950-களில் முழுத் தோட்டத்துக்கும் துண்டு நிலத்துக்கும் இடையே இருந்த விலை வித்தியாசம், இன்று விவசாய நிலத்துக்கும் வீட்டு மனைக்கும் இடையே இருக்கிறது. இப்போது வித்தியாசம் பன்மடங்கு. தஞ்சோங் மாலிமில் புரோட்டோன் ஆலையைச் சுற்றித் தொழில்நகரம் விரிய விரிய, அந்த விலை வடக்கே ஏறிக்கொண்டு வருகிறது. அடுத்து எந்தத் தோட்டம் என்பதுதான் சிலிம் ரிவர் தேநீர்க் கடைகளில் பேச்சு.

சட்டம் இல்லாமல் இல்லை. தொழிலாளர் வீட்டுத் தரம் பற்றி 1966-இல் ஒரு சட்டம், அதற்குப் பதிலாக 1990-இல் விரிவான இன்னொன்று. சுவர், கூரை, கழிப்பறை, தண்ணீர் எப்படி இருக்க வேண்டும் என்று அவை சொல்லும். வீடு யாருடையது என்று சொல்லாது. தோட்டத்து வீட்டுடைமைத் திட்டம் பற்றி 1970-களிலிருந்து பேச்சு இருக்கிறது. தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் கேட்டது, அரசுகள் தலையாட்டின, முதலாளிமார் விருப்பத்துக்கு விடப்பட்டது. விருப்பத்துக்கு விட்டதால் பெரும்பாலும் நடக்கவில்லை. சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயாவில் ஐந்து தோட்டத்து மக்கள் வீட்டுக்காகப் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. இன்று அதே லயங்களில் இருக்கும் வங்காளதேச, இந்தோனேசிய, நேப்பாளத் தொழிலாளர்களும் வேலை இருக்கும்வரை வீடு என்ற அதே விதியில்தான் வாழ்கிறார்கள். அவர்களுக்குச் சுற்றமும் இல்லை, ஓட்டும் இல்லை.

இதற்கான சாவி அரசிடமே இருக்கிறது. தேசிய நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவின்படி, 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைக் கைமாற்ற வேண்டுமானால் முதலில் தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும். விவசாய நிலத்தைக் கட்டட நிலமாக மாற்ற மாநில அரசின் ஒப்புதல் வேண்டும். நிலம் மாநில அதிகாரத்துக்கு உட்பட்டது. ஆக ஒரு தோட்டம் தாமானாக மாறுவதற்கு முன் இரண்டு முறை கோப்பு அரசு மேசைக்கு வருகிறது. சில ஏக்கரை ஒதுக்கி, குடியிருக்கும் தொழிலாளர் ஒவ்வொருவர் பெயரிலும் பட்டாவோடு வீடு கட்டிக் கொடுத்த பிறகே மற்ற அனுமதி என்று அந்த இரண்டு கோப்பிலும் எழுத வேண்டும். கருணைத் தொகை போதாது. இரண்டு லட்சம் வெள்ளி வீட்டுக்கு முன் சில ஆயிரம் வெள்ளி எந்த மூலைக்கு? பேராக் சட்டமன்றத்தில் உட்கார்ந்திருக்கும் நம் உறுப்பினர்கள் எந்தக் கட்சியானாலும் இதைக் கேட்க வேண்டும். கேட்டு, எழுத்தில் வாங்க வேண்டும்.

தோட்டத்தில் இன்னும் உறவினர் இருக்கும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். விற்பனைச் செய்தி வரும்வரை காத்திருக்காதீர்கள். பெரியவர்கள் எந்த ஆண்டு வேலைக்குச் சேர்ந்தார்கள், எந்த லயம், எந்த வீட்டு எண் என்பதை இப்போதே எழுதி வையுங்கள். பழைய சம்பளச் சீட்டு, சேமநிதித் தாள், பள்ளிச் சான்றிதழ், தோட்ட முகவரியோடு வந்த கடிதங்கள் எல்லாவற்றையும் நகலெடுத்துப் பத்திரப்படுத்துங்கள். காலிசெய்யச் சொல்லி வரும் எந்தத் தாளிலும் தனியாகக் கையெழுத்துப் போட வேண்டாம் என்று அவர்களிடம் சொல்லுங்கள். லயத்து மக்கள் எல்லாரும் ஒரே குழுவாகப் போய்த் தொழிலாளர் இலாகாவையும் நில அலுவலகத்தையும் பார்க்கட்டும்.